பாட்டி வீட்டுப் பூஞ்சையும் ஒரு குடிகாரனும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. படிப்பு, பரீட்சை, நடுவுல கரண்ட் கட். கரண்ட் இருக்கறப்போ நெட் இருக்காது, ரெண்டும் இருக்கறப்போ எனக்குத் தூக்கம் வரும். "ஊர்ல எங்கப்பா ஆளையே காணோம்"னு ரெண்டு பேர் தனிமடல்ல கேட்டதால இந்தப் பதிவு. (சரி, ஒருத்தர்தான் கேட்டார்.)

விஷயம் டிஹியூமிடிஃபயர். காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சி வாளியில சேர்க்கற மெஷின். இதுக்கு ஒரு பதிவானு கேட்காதீங்க. இந்த மெஷினால எங்க வீட்டுல ராத்திரி ஒரு மணிக்கு நெருப்புப் பத்தியிருக்கும். பத்தல. அதனாலதான் உட்கார்ந்து எழுதிக்கிட்டு இருக்கேன்.

யாங்கோன் மழையைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். மே நடுவுல ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் கொட்டும். வருஷத்துக்கு சுமார் 2,700 மில்லிமீட்டர். சென்னையில வருஷத்துக்கு 1,400 சொச்சம்தான். ஜூலை ஆகஸ்ட்ல துவைச்சுப் போட்ட கைலி மூணு நாள் ஆனாலும் காயாது. செருப்பு பச்சையாகும். பெல்ட் பச்சையாகும். ஒரு வாரம் எடுக்காம வச்சிருந்த என் நோட்டுப் புத்தகமே லேசா பச்சையாச்சு (படிக்கலைங்கறதுக்கு சாட்சி).

நான் இருக்கறது டவுன்டவுன்ல, அனோயட்டா ரோடு பக்கம், 1871ல தமிழர்கள் கட்டின காளி கோயிலுக்கு நடந்து போற தூரத்துல. யாங்கோன் டவுன்டவுன் வீடுகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ரயில் பெட்டி மாதிரி குறுகலா நீளமா இருக்கும். முன்னால ஒரு ஜன்னல், பின்னால ஒரு ஜன்னல், நடுவுல இருட்டு. லிப்ட் கிடையாது. பால்கனியில இருந்து கயிறு கட்டித் தொங்க விட்டிருப்பாங்க, கீழ கடைக்காரர் அதுல சாமானை மாட்டுவார், மேல இழுத்துக்கலாம். அந்த மாதிரி வீட்டுல அஞ்சாவது மாடியில ஒரு தமிழ்ப் பாட்டி, அவங்க மகன், மருமகள். பின்னறையில வாடகைக்கு நான்.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி. 1962ல ராணுவ ஆட்சி வந்து, 1964ல கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்போ, லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினாங்க. சென்னை பர்மா பஜார்ல அத்தோ சாப்பிட்டவங்க எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். எங்க பாட்டியோட அக்காவும் அப்போதான் கப்பல் ஏறினாங்க. கிளம்பறதுக்கு முன்னால ரெண்டு பேரும் ஸ்டுடியோவுல போய் ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அக்கா திரும்ப வரவே இல்லை, இப்போ உயிரோடவும் இல்லை. அக்கா முகம்னு பாட்டிகிட்ட இருக்கறது அந்த ஒரு படம்தான். கண்ணாடி பிரேம் போட்டு நடு அறையில, மர அலமாரிக்குப் பக்கத்துல மாட்டியிருக்கும்.

போன மழைக்காலத்துல ஒருநாள் பாட்டி கூப்பிட்டாங்க. "தம்பி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியலையா, இல்லை அக்கா முகத்துல ஏதோ படர்ந்திருக்கா?"

படர்ந்திருந்தது. பூஞ்சை. அக்காவோட புடவை ஓரத்துல ஆரம்பிச்சு தோள் வரைக்கும் வந்திருந்தது. படம் ஒரு பக்கம் கண்ணாடியோட ஒட்டிக்கவும் செஞ்சிருந்தது. அலமாரியைத் திறந்தா உள்ள இருந்த பழைய கடிதங்கள், கணக்கு நோட்டு எல்லாத்துலயும் அதே வாடை. பாட்டி படுக்கறதும் அந்த அறையிலதான். ராத்திரி எல்லாம் இருமிக்கிட்டே இருந்ததுக்கு வயசுதான் காரணம்னு நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம். பூஞ்சை வித்து காத்துல கலந்து மூச்சுக்குள்ள போனா ஆஸ்துமா, இருமல் கூடும்னு உலக சுகாதார நிறுவனம் 2009லயே ஈரத்துக்கும் பூஞ்சைக்கும்னு தனி வழிகாட்டியே போட்டிருக்கு.

நம்ம மூளை உடனே வேலை செஞ்சது. டிஹியூமிடிஃபயர் வாங்கிடுவோம்!

இங்க ஜப்பான் செகண்ட் ஹேண்ட் சாமான் கடைகள் நிறைய. ஒரு கடையில பளபளன்னு வெள்ளை மெஷின், விலையும் கம்மி. கடைக்காரர் ஒரு டிரான்ஸ்பார்மரையும் சேர்த்தே கொடுத்தார். ஜப்பான்ல 100 வோல்ட், பர்மாவுல 230 வோல்ட். நடுவுல டிரான்ஸ்பார்மர் வேணும். அது வரைக்கும் எனக்குத் தெரியும். அதுக்கு மேல தெரியாது.

பாட்டி அறையில வச்சோம். மூணு மணி நேரத்துல வாளியில அரை லிட்டருக்கு மேல தண்ணி. வீடே அதிசயமாப் பார்த்தது. பாட்டி அதுக்கு "குடிகாரன்"னு பேர் வச்சாங்க. ராத்திரி கரண்ட் போச்சு. ஸ்விட்சை அணைக்காமலே எல்லாரும் படுத்துட்டோம். ஒரு மணிக்கு "மீ லா பீ"னு தெருவுல சத்தம் (கரண்ட் வந்துட்டா இங்க குழந்தைங்க கத்தறது). கொஞ்ச நேரம் கழிச்சு பாட்டி குரல். "தம்பி, ரப்பர் கருகற வாடை வருது."

ஓடிப் போய்ப் பார்த்தா டிரான்ஸ்பார்மர் தொட முடியாத சூடு. அது சொருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி ஓரம் உருகி வளைஞ்சிருந்தது. பாட்டி கட்டில்ல இருந்து ரெண்டடி. கொசுவலை அதை விடக் கிட்ட. மெயினை அணைச்சுட்டு எல்லாரும் இருட்டுல உட்கார்ந்திருந்தோம். யாரும் என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மறுநாள் அண்ணன் (பாட்டி மகன்) எலெக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வந்தார். இங்க கைத்தொழில் தெரிஞ்சவங்களை "ஸயா"னு மரியாதையாக் கூப்பிடுவாங்க, வாத்தியார்னு அர்த்தம். ஸயா மெஷினைத் திருப்பி ஸ்டிக்கரைக் காட்டினார். 600 வாட்டுக்கு மேல. டிரான்ஸ்பார்மர் 500 விஏ. அதுலயே முடிஞ்சது கதை. கரண்ட் திரும்பி வர்றப்போ வோல்டேஜ் ஏறி இறங்கினது கொசுறு. குறைஞ்சது 1,000 விஏ டிரான்ஸ்பார்மர் போட்டிருக்கணுமாம்.

அப்புறம்தான் நான் ஒழுங்காப் படிக்க ஆரம்பிச்சேன். (பாடத்தை இல்லை.) படிச்சதுல உங்களுக்கு உபயோகப்படறதை மட்டும் கீழ போடறேன்.

1. எந்த ஜாதி மெஷின்?

மூணு வகை. முதலாவது கம்ப்ரஸர் வகை. ஃப்ரிட்ஜ் மாதிரிதான். குளிர்ந்த குழாய் மேல காத்து படும், ஈரம் தண்ணியாச் சொட்டும், அதே காத்து சூடான குழாய் மேல போய் வெளிய வரும். நம்ம மாதிரி வெக்கை ஊருக்கு இதுதான் சரி. ரெண்டாவது, ஜியோலைட்னு ஈரம் உறிஞ்சற சக்கரம் சுத்தும், அதை உள்ள ஒரு ஹீட்டர் காய வைக்கும். குளிர் ஊருக்கு நல்லது, கரண்ட் நிறைய தின்னும், அறையையும் சூடாக்கும். நான் வாங்கினது இதுதான்! மூணாவது கைக்கடக்கமா வர்ற பெல்டியர் வகை. ஒரு நாள் முழுக்க ஓடினாலும் சில நூறு மில்லிதான் எடுக்கும். சின்ன அலமாரிக்கு ஓகே, அறைக்கு வேஸ்ட்.

2. எவ்வளவு பெருசு?

இங்கதான் ஒரு கணக்கு. 30 டிகிரியில காத்து அதிகபட்சம் ஒரு கனமீட்டருக்கு 30 கிராம் நீராவி வச்சிருக்கும். 80 சதவீத ஈரப்பதம்னா 24 கிராம். 55 சதவீதத்துக்குக் கொண்டு வரணும்னா கனமீட்டருக்கு ஏழரை கிராம் எடுக்கணும். பாட்டி அறை சுமார் 42 கனமீட்டர். அப்போ எடுக்க வேண்டியது 320 கிராம், ஒரு சொம்புத் தண்ணி கூட இல்லை!

அப்புறம் ஏன் வாளி வாளியா வருது? சுவர், துணி, மெத்தை எல்லாம் ஈரத்தைக் கக்கும், அது ஒண்ணு. பெரிய காரணம் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அறைக் காத்து மாறினாலே, ஒவ்வொரு தடவையும் புதுசா 320 கிராம் உள்ள வருது. ஒரு நாளைக்கு ஏழரை லிட்டருக்கு மேல. ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு ஓட்டினா மொத்த யாங்கோனையும் காய வைக்கப் பார்க்கறீங்கன்னு அர்த்தம். இடுக்குக்கு ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டறதுதான் முதல் செலவு.

பெட்டி மேல போட்டிருக்கற "ஒரு நாளைக்கு 12 லிட்டர்" எல்லாம் 24 மணி நேரத்துக்கு. எங்க தெருவுல கரண்ட் முறை வச்சுத்தான் வருது. நாளுக்கு எட்டு மணி நேரம் வந்தா 12 லிட்டர் மெஷின் நாலு லிட்டர்தான் எடுக்கும். அதனால மின்வெட்டு ஊர்ல தேவைக்கு ரெண்டு மூணு மடங்கு பெருசா வாங்கணும். அந்த அளவு எந்த வெப்பத்துல, எந்த ஈரப்பதத்துல எடுத்ததுன்னும் பாருங்க. 30 டிகிரி, 80 சதவீதம்னு போட்டிருந்தா நம்ம ஊருக்குப் பொருந்தும். அமெரிக்காவுல இப்போ 18 டிகிரி சொச்சத்துல அளக்கறாங்க, அதனால அதே மெஷினுக்கு அங்க லிட்டர் கம்மியாக் காட்டும்.

3. அறை சூடாகும், ஏமாறாதீங்க

நீராவி தண்ணியா மாறறப்போ ஒரு லிட்டருக்கு 0.68 யூனிட் வெப்பம் வெளிய வரும். எட்டு மணி நேரத்துல எட்டு லிட்டர் எடுத்தா அதுவே அஞ்சரை யூனிட். மெஷின் தின்ன கரண்ட் ரெண்டரை யூனிட், அதுவும் சூடாத்தான் வரும். மொத்தத்துல மூடின அறைக்குள்ள 1,000 வாட் ஹீட்டர் போட்ட மாதிரி. ஏசிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, சூட்டை வெளிய தள்ளிடும். ஏற்கெனவே ஏசி இருக்கறவங்க முதல்ல அதோட டிரை மோடைப் போட்டுப் பாருங்க, புதுசா எதுவும் வாங்காமலே தப்பிக்கலாம். ஏசி இல்லாதவங்க, வயசானவங்களையோ கைக்குழந்தையையோ மூடின அறையில வச்சுக்கிட்டு மெஷினை ஓட்டாதீங்க. அவங்க வெளிய உட்கார்ந்திருக்கற நேரத்துல ஓட்டுங்க.

4. நெருப்பு

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லைங்க. கிரீ என்கிற சீனக் கம்பெனி தயாரிச்சு பல பிராண்ட் பேர்ல அமெரிக்காவுல வித்த மெஷின்கள்ல 22 லட்சத்துக்கு மேல 2013ல திரும்பப் பெற்றாங்க. சூடாகித் தீப்பிடிச்சதுதான் காரணம். கனடாவுலயும் திரும்பப் பெற்றாங்க. விஷயம் தெரிஞ்சும் உடனே அரசாங்கத்துக்குச் சொல்லலைன்னு 2021ல அந்தக் கம்பெனி 9.1 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிச்சு. 2023ல மறுபடி 15 லட்சத்துக்கு மேல திரும்பப் பெற்றாங்க. இதுக்கு நடுவுல 2021ல நியூ வைட்டெக் கம்பெனி தயாரிச்ச மெஷின்கள் சுமார் 20 லட்சம். டொரன்டோ பேஸ்மென்ட்டுல இருக்கற நம்ம மக்கள் கவனிங்க. முன்னால ஒட்டியிருக்கற பேர் ஒண்ணு, செஞ்ச தொழிற்சாலை வேற. பின்னால ஸ்டிக்கர்ல இருக்கற மாடல் எண்ணையும் தயாரிச்ச தேதியையும் பார்த்து, திரும்பப் பெற்ற பட்டியல்ல இருக்கான்னு தேடுங்க. பழசு வாங்கறவங்க காசு கொடுக்கறதுக்கு முன்னாலயே தேடுங்க.

ஸயா சொன்னதையும் சேர்த்து எங்க வீட்டு விதிகள்:

- மெஷின் நேரா சுவர் சாக்கெட்ல. எக்ஸ்டென்ஷன் பெட்டி, சோத்துக் குக்கரோட கூட்டணி எதுவும் கிடையாது.
- மூணு பின் பிளக்கை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகக் கூடாது, எர்த் போயிடும். பழைய கட்டிடங்கள்ல எர்த்தே இருக்காது, ஆள் வச்சுப் பாருங்க. கரண்ட் கசிஞ்சா தானா விழற ஸ்விட்ச் ஒண்ணு போடறது உயிருக்கு விலை.
- கரண்ட் போனா உடனே பிளக்கைப் பிடுங்கணும். வந்தா பத்து நிமிஷம் பொறுத்து, வோல்டேஜ் நிதானமான அப்புறம் போடணும்.
- சின்ன இன்வெர்ட்டர்ல ஓட்டக் கூடாது. கம்ப்ரஸர் கிளம்பற நேரத்துல பல மடங்கு கரண்ட் இழுக்கும்.
- சுத்தி ஓரடி இடம். திரை, கொசுவலை, மெத்தை கிட்ட வரக் கூடாது. மெஷின் மேல துணி காயப் போடக் கூடாது (அண்ணி, உங்களைத்தான்).
- யாரும் வீட்டுல இல்லாதப்போ, எல்லாரும் தூங்கறப்போ ஓட்டறதில்லை.
- படுக்க வச்சுத் தூக்கிட்டு வந்தா, சில மணி நேரம் நிமிர்த்தி வச்ச அப்புறம்தான் போடணும். கம்ப்ரஸர் எண்ணெய் கீழ இறங்கணும்.
- புது மெஷின்கள்ல ஆர்-290னு போட்டிருந்தா உள்ள இருக்கறது புரொபேன், எரியற வாயு. அடுப்புப் பக்கம் வேண்டாம், குத்திக் கிளற வேண்டாம்.

ரொம்ப முக்கியமா ஒண்ணு. ஈரம் வராம இருக்க ஜன்னல் எல்லாம் அடைச்சிருக்கோம். கரண்ட் போனா இங்க பல வீட்டுல கரி அடுப்பு பத்த வைப்பாங்க, பால்கனியில ஜெனரேட்டர் ஓடும். அடைச்ச வீட்டுல கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்தா வாடையே வராது, தூக்கத்துலயே ஆளை முடிச்சுடும். அடுப்பு பத்தினா ஜன்னல் திறந்தாகணும். பூஞ்சை வந்தாலும் பரவாயில்லை.

5. தண்ணி

குடிகாரன் வாளித் தண்ணி பார்க்க சுத்தமா இருக்கும். குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது. உலோகமும் கிருமியும் கலந்திருக்கும். தரை துடைக்கலாம், கக்கூஸ்ல ஊத்தலாம். தினமும் கொட்டிடணும், மழைக்காலம்னா இங்க டெங்கு காலமும்தான், தேங்கின தண்ணி கொசுவுக்குக் கொண்டாட்டம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஃபில்டரைக் கழுவுங்க.

6. மீட்டர் பொய் சொல்லும்

சின்ன ஈரப்பத மீட்டர் ஒண்ணு தனியா வாங்குங்க. சரியாக் காட்டுதான்னு வீட்டுலயே பார்க்கலாம். பாட்டில் மூடியில உப்பு போட்டு, சேறு மாதிரி ஆகற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணி விட்டு, மீட்டரோட ஒரு ஜிப் கவர்ல மூடி ஒரு ராத்திரி வைங்க. உள்ள சரியா 75 சதவீதம் இருக்கும். என்னோடது 69 காட்டிச்சு. அன்னிலேருந்து ஆறு கூட்டிப் படிக்கறேன். 50-லிருந்து 55 போதும். 60-க்குக் கீழ இருந்தாலே பூஞ்சை அடங்கும். ரொம்பவும் உலர்த்தினா பழைய தாள் நொறுங்கும்.

இதுக்கு அப்புறம் 230 வோல்ட் கம்ப்ரஸர் மெஷின் புதுசா ஒண்ணு வாங்கினோம். என் ரெண்டு மாச டீக்கடைக் காசும் அண்ணன் காசும் சேர்ந்து. சாயங்காலம் பாட்டி முன் ஹால்ல டிவி பார்க்கற நேரம் நடு அறையை அடைச்சு ஓட்டறோம்.

போட்டோ என்னாச்சு? முதல்ல நான் செய்ய இருந்தது, பிரேமைப் பிரிச்சு படத்தைக் கண்ணாடியில இருந்து உரிக்கறது. நல்ல வேளை, செய்யல. ஈரத்துல படத்தோட மேல்பூச்சு கண்ணாடியில ஒட்டிக்கும், இழுத்தா முகம் கண்ணாடியோட வந்துடும். கண்ணாடியோடவே ஸ்கேன் எடுத்தோம். ஊர்ல இருக்கற அக்கா பேரப் பிள்ளைங்களுக்கு அனுப்பி வச்சோம்.

இன்னொண்ணும் புரிஞ்சது. கரண்ட் இருந்தா 55, போனா 85னு தினம் ஏறி இறங்கினா தாளுக்கும் படத்துக்கும் அதுவே கெடுதல். அதனால படம், கடிதம், கணக்கு நோட்டு எல்லாத்தையும் ரப்பர் வளையம் வச்ச இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுல, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட, உள்ள ஒரு மீட்டரும் போட்டு மூடிட்டோம். (நீல ஜெல் வேண்டாம், அதுல கோபால்ட் விஷம். ஆரஞ்சு கலர் வாங்குங்க.) ராத்திரி பகல், கரண்ட் இருக்கு இல்லை, எதுவும் அதுக்குத் தெரியாது. 52-லயே நிக்குது. அந்தப் படத்துக்கு மெஷின் தேவையே இல்லை, நல்ல டப்பா போதும். அந்த ராத்திரிக்கு முன்னால இதைப் படிச்சிருக்கலாம். மெஷின் இப்போ பாட்டி மூச்சுக்காகத்தான் ஓடுது.

இருமல் முழுசாப் போகல. ஆனா தூங்கறாங்க. பிரிண்ட் போட்ட படத்தைச் சுவர்ல மாட்டியிருக்கோம். தினமும் காலையில மீட்டரைப் பார்த்துட்டு, "தம்பி, அக்கா எத்தனையில இருக்கா?"னு கேட்பாங்க. "அம்பத்திரண்டு பாட்டி"ன்னா, "நல்லாத்தான் இருக்கா"ம்பாங்க.

தடிஞ்சுட் விளக்குத் திருவிழா வந்தா மழை ஓயும். அன்னிக்குக் குடிகாரனுக்கு லீவு, ஜன்னல் எல்லாம் திறந்துடுவோம்.

உங்க ஊர்ல ஈரத்துக்கு என்ன பண்றீங்க? சிங்கப்பூர், கொழும்பு, மங்களூர் மக்கள் கட்டாயம் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: நான் எலெக்ட்ரீஷியன் இல்லை. வயரிங் விஷயத்துல உங்க ஊர் ஸயாவைக் கேளுங்க. ராத்திரி ஒரு மணிக்கு இல்லை, பிளக் சொருகறதுக்கு முன்னால :-)